சிட்னிக்குப் போக இப்படி ஒரு வழி

கந்தர்வக்கோட்டை,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை அரவிந்த்குமாரும் பேத்தி கயலும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம்ம முத்துமாரி துணையிருப்பாள். இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், உடம்பைச் சொல்கிறேன், மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடுதாசி போடுகிறார் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். இந்த வீட்டில் போனில் ரகசியம் பேச முடியுமா? பஸ் இன்ஜின் சத்தத்திலேயே என் காது பாதி போய்விட்டது, ஸ்பீக்கரில் போடாமல் எனக்குக் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். போன வாரம் நீ பேசியதும் அப்படித்தான் கேட்டுவிட்டது.

நாங்கள் கப்பலில் உலகம் சுற்றப் போகிற விஷயத்தை நானே பதமாக உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் உன் சொர்ணவல்லி அத்தை, விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போன இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள், நாலு மாசம் கப்பலில் உலகம் சுற்றும் ஜோடி என்று மேலே எழுத்து வேறு. என் தங்கைக்கு வாயும் சும்மா இருக்காது, விரலும் சும்மா இருக்காது. அதைப் பார்த்துவிட்டு நீ போன் போட்டாய். எனக்காக ஒரு ராத்திரி பிளேன்ல உக்கார முடியாத அம்மா, நாலு மாசம் கப்பல்ல ஊர் சுத்தப் போறாங்களாக்கும், நல்லா போயிட்டு வரச் சொல்லுங்கப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுசும் கேட்டாள். புடைத்து வைத்த அரிசியையே திரும்ப முறத்தில் அள்ளிப் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வந்தது. அப்புறம் யோசித்தால் உன்மேல் என்ன தப்பு இருக்கிறது? கயல் ஏழாம் மாசத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, நீ எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல் படுத்திருந்தபோது, டிக்கெட்டும் விசாவும் கையில் வைத்திருந்த உன் அம்மா வரவில்லை. முட்டி வலி என்றாள், மாடு சினையாக இருக்கிறது என்றாள், அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு சாக்கு. எனக்கு அப்போது செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலை, லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். எல்லார் அம்மாவும் வந்தாங்க, எங்கம்மாவுக்கு மட்டும் மாடுதான் பெருசு என்று நீ ஒரு தடவை அழுதாயே, அது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த வருஷத்திலிருந்து நீ அம்மாவிடம் பேசுவது சாப்பிட்டாச்சா, மழை பெய்ததா என்கிற அளவோடு நின்றுபோனது. நானும் உன் பக்கம் சேர்ந்துகொண்டு அவளைத் திட்டாத நாளில்லை. ஆகவே நீ கேட்டது நியாயம்தான் தாயி, உனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே நீ பேச முடியும்.

எனக்கே இந்த ஆடியில்தான் தெரியும். ரிடையர் ஆன கையோடு அவளிடம் சொல்லாமல் சிட்னிக்கு இரண்டு பிளேன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் தொடக்கூட மாட்டேன் என்கிறாள். மறுபடியும் முட்டி வலி. எனக்கு வந்ததே ஆத்திரம், பெத்த பிள்ளையைப் பாக்க ஒனக்கு வலிக்குதா, நீயெல்லாம் என்ன பொம்பளை என்று கத்திவிட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவள் அடுப்படி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். பிள்ளைக்கு முடியலைன்னு போன் வந்த அன்னைக்கு நீங்க டியூட்டிக்குப் போயிட்டீங்க, நான் முத்துமாரி கோயிலுக்கு ஓடுனேன், குடுக்க என்கிட்ட என்னங்க இருக்கு, கெடா வெட்டுறது, மொட்ட போடுறது, கம்மலக் கழட்டி உண்டியல்ல போடுறது, அதெல்லாம் எல்லாரும் குடுக்குறதுதானே, அன்னைக்கு எனக்கு ஒலகத்துலயே பெருசா இருந்தது அந்த பிளேன் டிக்கெட்டுதான், எம்புள்ளயப் பாக்கப் போறோம் பாக்கப் போறோம்னு ராவும் பகலும் அதையே எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன், அதத்தான் ஆத்தா காலடியில வச்சேன், இனி ஆயுசுக்கும் பிளேன் ஏறமாட்டேன், எம்புள்ளயையும் அந்தப் பச்சமண்ணையும் குடுத்துருன்னு கேட்டேன், குடுத்துட்டா. இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பில் உலையைப் பார்த்தாள்.

நான் அழுதேன் ஈஸ்வரி. எங்கப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த மனுஷியை என்னென்ன பேசியிருக்கிறேன். அழுது முடித்து, சரி, வேண்டுதலை மாற்றிக் கழித்துவிடலாம், வெள்ளியில் ஒரு பிளேன் செய்து உண்டியலில் போடுவோம், நானே தீச்சட்டி எடுக்கிறேன் என்றெல்லாம் மன்றாடிப் பார்த்தேன். குடுத்ததத் திருப்பிக் கேப்பாங்களா, கயலு ஓடி வெளையாடுது, அது உசுர வச்சு நான் சாமிகிட்டப் பேரம் பேசுவேனா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இதை உன்னிடம் மட்டும் சொல்லக்கூடாது என்றும் சொன்னாள், கேட்டா தன்னாலதான்னு நெனச்சு பிள்ளை மருகும் என்றாள். அவள் உன்னைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருக்கிறாள், அவளைக் காப்பாற்ற ஆள் வேண்டாமா, அதனால் நான் சொல்லிவிட்டேன். வேண்டுதல் அவள் சாமிக்குச் செய்தது, அதை நான் மீறவில்லை. சொல்லாதீங்க என்றது என்னிடம்தானே, நான் என்றைக்கு அவள் பேச்சைக் கேட்டேன்.

மறுநாளே திருச்சிக்குப் போய் ஒரு டிராவல்ஸ் ஏஜெண்டைப் பிடித்து, சிட்னிக்குப் போய்த் திரும்பக் கப்பல் டிக்கெட் இரண்டு வேண்டும் என்று கேட்டேன். அந்தத் தம்பி சிரித்துவிட்டான். ஐயா, கப்பல் என்ன தஞ்சாவூர் பஸ்ஸா, போயிட்டுத் திரும்பி வர, அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க என்றான். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தான். பொங்கல் கழித்துக் கொச்சியில் ஏறலாம், அது கிழக்கே போய்க்கொண்டே இருக்கும், உலகம் முழுக்கச் சுற்றி மறுபடி கொச்சியிலேயே இறக்கிவிடும். நடுவில் மாசி மாசம் சிட்னியில் ஒரே ஒரு பகல் நிற்கும். அதாவது உன்னை ஒரு பகல் பார்க்க வேண்டுமென்றால் மிச்ச உலகம் பூராவையும் பார்த்தே தீர வேண்டும். இத்தனை வருஷம் பஸ்ஸில் ஏறி இறங்கியவன் நான், இப்படி ஒரு ரூட்டை எங்கேயும் கண்டதில்லை. அங்கேயே அட்வான்ஸைக் கட்டிவிட்டேன். முந்திரித் தோப்பில் பாதியைப் பக்கத்துத் தோப்பு ஆத்மநாதனுக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டேன், உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று வருத்தப்படாதே.

வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மாவுக்குப் புதுசாக ஒரு கவலை. கப்பல்ல போறது சாமிய ஏமாத்துற மாதிரி ஆயிராதா என்கிறாள். பிளேன் என்றுதானே சொன்னாய், கப்பலைச் சொன்னாயா என்று நான் வக்கீல் மாதிரி வாதாடினேன், எடுபடவில்லை. பூக் கட்டிப் பார்ப்போம், வெள்ளை வந்தால் போவோம், சிவப்பு வந்தால் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்லி வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டு பொட்டலத்திலும் நானே வெள்ளையை வைத்துவிடுவேன் என்று சந்தேகம், நீங்க வெளியிலயே நில்லுங்க என்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டாள். அட்வான்ஸ் கட்டியதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, வேப்ப மரத்தடியில் நின்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. அரை மணி கழித்து வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, நல்லதா ரெண்டு பொட்டி வாங்கணுங்க என்றாள்.

அன்றிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. கப்பலில் வாந்தி வருமாமே என்று பயந்தாள், பழக்கிவிடுவோம் என்று புதுக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். அவள் ஜன்னலில் சாய்ந்து சுகமாகத் தூங்கினாள், வாந்தி எடுத்தது நான்தான். டிரைவர் கண்டக்டர் எல்லாம் என்னைத் தெரிந்த பிள்ளைகள், மானம் போனது. கப்பலில் சில ராத்திரி கோட்டு சூட்டு போட்டால்தான் பெரிய சாப்பாட்டு ஹாலில் விடுவார்களாம், நான் பட்டு வேட்டி கட்டித்தான் வருவேன், விடாவிட்டால் ரூமிலேயே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன், தயிர்சாதம் கிடைக்குமா என்பது தெரியவில்லை. கப்பல் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று உன் அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்ததில், சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒரு டின் முறுக்கு, துபாயில் இருக்கும் மருமகனுக்கு மூலத்துக்கு மருந்து என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சோலையப்பன் தன் மகனுக்கு அம்மிக்கல் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போய்விடு என்றேன். மாட்டை அத்தை வீட்டில் கட்டப் போகிறோம்.

அம்மா உனக்குப் பிரசவ லேகியம் கிண்டினாள். பிள்ளைக்கு நாலு வயசாகப் போகிறது, இப்போது எதற்கு லேகியம் என்று கேட்டேன், நான் குடுக்க வேண்டியது குடுக்காமயே நிக்குதுங்க என்றாள். சிட்னியில் சாப்பிடுகிற பொருள் எதையும் இறக்க விடமாட்டார்கள் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டான். அதைக் கேட்டதிலிருந்து, வெறுங்கையோட எப்படிங்க எம்புள்ள முன்னாடி போயி நிக்கிறது என்று தவிக்கிறாள். சரிதான், இந்தத் தவிப்பாவது தீரட்டும் என்று கயலுக்கு ஒரு பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுத்தேன். உயரம் தெரியவில்லை, இரண்டு அளவில் தைக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஒன்று கவனித்தேன் தாயி. கயல் என்னையப் பாத்துப் பயந்துக்கிட்டு ஒதுங்கிருச்சுன்னா என்னங்க செய்யிறது என்று தினமும் என்னைக் கேட்கிறாள். சிட்னியில வெயிலா மழையா, கப்பலு நேரத்துக்குப் போயிருமா என்று எல்லாம் கேட்கிறாள். நீ வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை வாயால் சொல்லவே பயப்படுகிறாள். போன வாரம் நீ போனை வைத்த பிறகு, கப்பலை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நானே கேட்டேன். எம்புள்ள வந்தாலும் வராட்டியும் அது இருக்குற ஊர் மண்ண மிதிச்சுட்டு வந்துர்றேங்க, மிச்ச ஒலகத்த நான் தூங்கிக்கிட்டே வந்துர்றேன் என்றாள்.

குழந்தைக்கு ரொம்ப நேரம் போனைக் கொடுக்காதே, கண் கெட்டுவிடும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, போன படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். தேதியும் எத்தனை மணிக்குக் கப்பல் வரும் என்பதும் மாப்பிள்ளைக்கு மெசேஜில் அனுப்புகிறேன், அன்றைக்கு மட்டும் லீவு போட்டுக்கொள். அம்மாவுக்கு நான் எழுதியது தெரியக்கூடாது, நீ அவளிடம் வேண்டுதலைப் பற்றி எதுவும் கேட்காதே, மன்னிப்பெல்லாம் கேட்காதே, கேட்டால் அவளுக்குத் தாங்காது. முத்துமாரி உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும், நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இன்னும் கோபம் மிச்சமிருந்தால் அதை என்மேல் காட்டு, நான் கப்பலை விட்டு இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொள்கிறேன். அம்மா முதலில் இறங்கி வருவாள். பேத்தியைத் தூக்கலாமா என்று அவளாக வாய்விட்டுக் கேட்க மாட்டாள், தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். நீயே கயலைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிடு.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அப்பா
வீரய்யா