கூடத்தில் வெள்ளை முடி

3 ஜூன் 2024, திங்கள்

ஒரே வாரத்தில் மூன்றாவது முறை. இட்லியின் மேல் ஒரு வெள்ளை முடி, விரல் நீளம். தட்டை அப்படியே ரேவதி பக்கம் தள்ளினேன். "உன் பிள்ளை உதிர்த்தது. நீயே சாப்பிடு." மருமகள் இட்லியைப் பிய்த்து அந்தப் பொமரேனியனுக்கே போட்டாள். அது வாலை ஆட்டியதில் இன்னும் பத்து முடி பறந்தது.

இரண்டு முறை கரு கலைந்த பிறகு என் மகன் குரு அவளுக்கு வாங்கிக் கொடுத்த நாய். பெயர் பஞ்சு. பெறத் தெரியாதவளுக்கு ஆறுதல் பரிசு. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

5 ஜூன்

சட்டம் எழுதி ஃப்ரிஜ் கதவில் ஒட்டினேன். கான்வென்டில் மூன்று வருடம் தொடர்ந்து கையெழுத்துப் பரிசு வாங்கியவள் நான். அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை.

தினமும் காலையில் கொல்லையில், துவைக்கிற கல்லின் மேல் வைத்துத்தான் சீவ வேண்டும். உள்ளே கூடாது. உதிர்ந்ததைச் செய்தித்தாளில் மடித்துக் குப்பையில் சேர்க்க வேண்டும். பழைய துண்டு விரிக்காமல் நாற்காலியில் இடம் கிடையாது. தறி இருக்கும் கூடத்தில் கால் வைக்கவே கூடாது. வெறும் துடைப்பம் போட்டால் முடி பறந்து வேறு இடத்தில் உட்காரும், முதலில் ஈரத்துணி. மெத்தைக்கு ரப்பர் கையுறையை நனைத்து ஒரே திசையில் தேய்த்தால் முடி உருண்டு வந்துவிடும்.

ரேவதி நின்று படித்தாள். "இவ்ளோவும் பஞ்சுவுக்கா அத்தை?"

"சட்டம்னா சட்டம். யாருக்கும் சலுகை கிடையாது" என்றேன். சிஸ்டர்கள் எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

12 ஜூன்

நாய் ஒழுங்குக்கு வந்துவிட்டது. கூடத்து நிலைப்படியில் நின்று உள்ளே பார்க்கிறதே தவிர, ஒரு கால் எடுத்து வைப்பதில்லை. பயம் இருக்கிறது.

காலை வெயில் கூடத்து ஜன்னலில்தான் நன்றாக விழும். தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலை வாரிக்கொள்கிறேன். நூறு முறை, பள்ளிக்கூட நாளிலிருந்து ஒருநாளும் விட்டதில்லை. கொண்டைதான் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. வயது.

ஒன்பது மணிக்கு நெசவுக்கார ஆதிகேசவன் வருவான். கண்ணாடி போட்டுக்கொண்டு, முந்தின நாள் நெய்ததைக் குனிந்து அங்குலம் அங்குலமாகப் பார்ப்பேன். அரக்கு நிறம், முகூர்த்தப் புடவை. "அம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாதும்மா" என்கிறான். உண்மைதான்.

24 ஜூன்

புடவை திரும்பி வந்துவிட்டது.

கல்யாணப் பெண்ணின் தாயார் எங்கள் கடையிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். முந்தானைக்குச் சாண் தூரத்தில் வெள்ளை முடி. இழையோடு இழையாக நெய்து கிடக்கிறது. "முகூர்த்தப் புடவையில இதான் வெச்சிக் குடுப்பீங்களா? எம் பொண்ணு இத எப்டிங்க கட்டுவா?" குருவிடம் கத்தியிருக்கிறாள். கல்யாணம் ஆவணியில். அதற்குள் வேறு நெய்து தர வேண்டும்.

நாற்பது வருடம் என் கணவர் காப்பாற்றிய பெயர்! ரேவதியிடம் நாயைக் காட்டினேன். "பார். உன் செல்லம் செய்த வேலை."

"பஞ்சு கூடத்துப் பக்கமே போறதில்லையே அத்தை..."

"அப்புறம்? கடவுள் முடியா?"

ஆதிகேசவனைக் கேட்டேன். முடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "நாய்தான் போலம்மா."

27 ஜூன்

ரேவதி வேலைக்குப் போனதும் முனிரத்தினத்தின் ஆட்டோவை வரச்சொன்னேன்.

"எங்கம்மா, நாயெல்லாம் இட்டுக்கினு?"

"தென்னேரி வரைக்கும். சும்மா, காத்தாட."

நாய் என் மடியில் பேசாமல் உட்கார்ந்து வந்தது. ஏரிக்கரையில் இறக்கி, பேக்கரியில் வாங்கிய பன்னைப் பிட்டுப் போட்டேன். அது தின்றுகொண்டிருக்கும்போதே ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். "வேணாம்மா, பாவம்மா" என்றான் முனிரத்தினம். "வண்டி ஓட்டுகிறவன் வண்டியை ஓட்டு." ஆட்டோக் கண்ணாடியில் கொஞ்ச தூரம் வெள்ளையாக ஓடி வந்தது. வளைவுக்குப் பிறகு இல்லை.

வீட்டுக்கு வந்து, கட்டியிருந்த புடவையை வெந்நீரில் ஊறவைத்தேன்.

28 ஜூன்

கேட் திறந்து கிடந்தது என்று சொல்லியிருக்கிறேன். ரேவதி பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு திரிகிறாள். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?

4 ஜூலை

வீடு கான்வென்ட் மாதிரி இருக்கிறது. சத்தமும் இல்லை.

19 ஜூலை

புதுப் புடவை பாதி ஆகியிருக்கிறது. இன்று ஆதிகேசவன் என்னைக் கூப்பிடவில்லை, குருவைக் கூப்பிட்டான். நானும் போனேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளுக்கு நடுவே வெள்ளை முடி.

"பழசு. மூலையில் கிடந்தது பறந்து வந்திருக்கும்" என்றேன்.

ஆதிகேசவன் அதை மெதுவாக உருவினான். வந்துகொண்டே இருந்தது. அரக்குப் பட்டின் மேல் நீட்டி வைத்தான்.

"மொழம் நீளம் இருக்குது தம்பி. நாய்க்கு ஏது இந்த நீளம்?"

குரு அவனைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"எப்டிபா சொல்றது? நாய் முடின்னா அழுக்குன்னுட்டுப் போயிடுவாங்க. இது..." என்று நிறுத்திவிட்டான்.

நான் முடிக்கிறேன். தாலியறுத்தவள் முடி என்றால் அபசகுனம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கல்யாண வீட்டுக்கு இருக்கிறது.

நிலைப்படியில் ரேவதி நின்றிருந்தாள். பஞ்சு நிற்கும் அதே இடம். கூடத்தில் இருந்தது நான்.

20 ஜூலை

ஃப்ரிஜ் கதவில் அந்தத் தாள் அப்படியே இருக்கிறது. என் நாற்காலியில் பழைய துண்டு விரித்திருக்கிறது. நாயின் துண்டு. துவைத்ததுதான்.

22 ஜூலை

ஜன்னல் பக்கம் சீப்போடு போனேன். ரேவதி செய்தித்தாளை நீட்டினாள். "கொல்லையில அத்தை." அவ்வளவுதான். குரலில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. குரு பல் தேய்த்துக்கொண்டே பார்த்தான்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நூறு முறை வாரினேன். உதிர்ந்ததை மடித்துக் குப்பையில் போட்டேன். நான் எழுதிய சட்டத்தை நானே மீறினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

27 ஜூலை, சனி

ஒரு மாதத்துக்குப் பிறகு ரேவதி இன்று சிரித்தாள்.

"நாளைக்கு முனிரத்தினம் அண்ணன் ஆட்டோ சொல்லியிருக்கேன் அத்தை. தென்னேரி வரைக்கும் போயிட்டு வரலாம்."

"எதற்கு?"

"சும்மா, காத்தாட."

என் வார்த்தைகள். முனிரத்தினம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். குருவைப் பார்த்தேன். போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு. ஒன்பது மணிக்குத் தயாராக இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மேடையில் பேக்கரிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தேன்.

ஒரே ஒரு பன்.