நீ கொடுத்த ஆள்

அன்புள்ள அக்கா,

எனக்குக் கொடுக்கச் சிறுநீரகம் எடுத்த இடத்தில் உனக்கு இன்னும் குளிருக்கு வலிக்கிறதா?

போன மாதம் எனக்குச் சளி விடவே இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையால்தான் என்று நானே முடிவுகட்டி, பத்து நாள் அதை நிறுத்தினேன். சளி ஓடிப்போனது. என்னைவிடக் கெட்டிக்காரன் யார் என்று திரிந்தேன்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "வெளியாள் வந்திருக்கான்னு உடம்புக்குள்ள சேதி பரவாம தடுக்கிறதே அந்த மாத்திரைதான். நீங்க நிறுத்தினீங்க, சேதி போயிடுச்சு."

வாரம் மூன்று நாள் மறுபடியும் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கிறேன். ஊசி குத்திய கை, அதுதான் எழுத்து கோணல்.

தினமும் போனில், "நான் குடுத்த ஆளு ஒழுங்கா வேலை பாக்குறானா?" என்று சிரிப்பாய். நேற்றும் "ஜோரா பாக்குறான்க்கா" என்றேன்.

இது கைக்கு வந்தபின் பேசும்போது என்னைத் திட்டு, அக்கா. அவனை மட்டும் விசாரிக்காதே.

உன் தம்பி