துபாய்த் தட்டு

காலையில் மருமகள் அந்தப் பெரிய அலுமினியத் தட்டில் மிளகாய் காயவைத்திருந்தாள். எனக்குச் சுரீரென்று ஏறியது. மிளகாயைச் சாக்கில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டேன். துபாயில் என் கடிதங்களையெல்லாம் எழுதியவன் நீ. இப்போது நீ போய்ச் சேர்ந்த பிறகு உனக்கே எழுத வேண்டியதாகிவிட்டது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரே ஏஜெண்டு மூலம் துபாய்க்குப் போனோம். நான் ஊர்த்தெரு, நீ காலனி. ஒரே வயதுதான். ஆனாலும் நான் உன்னை வாடா போடா என்பேன், நீ என்னை ஐயா என்பாய். கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை. அறையில் நம்மோடு ஒரு பெஷாவர்க்காரர், ஒரு வங்காளி, ஒரு மலையாளி.

முதல் நாள் பெஷாவர்க்காரர் இந்தத் தட்டு நிறையச் சோறும் கறியும் கொட்டி நடுவில் வைத்தார். எல்லார் கையும் ஒரே தட்டில் விழப்போகிறது. யார் கையும் படுவதற்கு முன் என் பங்கை டிபன் மூடியில் அள்ளிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்றாம் வேளைக்கு அவர் எனக்கு மாத்திரை வாங்கி வந்து நீட்டினார். வங்காளி தன் போர்வையைக் கொடுத்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மலையாளியிடம் விசாரித்துவிட்டு வந்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஐயா, உங்களுக்கு ஒட்டுவாரொட்டி நோயின்னு நெனச்சிக்கினு கீறாங்க. அவங்களுக்கு ஒட்டக் கூடாதுன்னுதான் நீங்க தள்ளி குந்திக்கினீங்களாம். ரொம்ப நல்ல மனுசனாம் நீங்க."

அப்புறம் சிரிப்பை நிறுத்தினாய். "இதுக்கு நம்மூர்ல இன்னா பேருன்னு நான் சொல்லட்டுமா அவங்களுக்கு?"

எழுந்து வந்து தட்டில் கை வைத்தேன். "மெதுவா மச்சான், எலும்பு கீது" என்றாய். முதல் மச்சான் அதுதான்.

யாரைப் பார்த்தாலும் எந்தத் தெரு என்று கேட்கிற வாய் என்னுடையது. அந்தப் பட்டணத்தில் ஆயிரம் ஊர்க்காரன் நடக்கிறான். எவன் தெருவைச் சொன்னாலும் எனக்கு விளங்கப் போவதில்லை. கேட்பதையே விட்டேன். இந்தி வந்தது, மலையாளத்தில் திட்டக்கூட வந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் ஊட்டினேன். நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பெஷாவர்க்காரர் தட்டை நம் இருவருக்குமாகக் கொடுத்தார். மெட்ராசிலிருந்து வாலாஜாபாத் பஸ்ஸில் ஒரகடம் தாண்டும் வரை மச்சான் மச்சான் என்று பேசிக்கொண்டு வந்தாய். நம் ஊரில் இறங்கியதும் என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வாங்க ஐயா" என்றாய்.

"இன்னாடா ஐயா?"

"இது நம்ம ரூம் இல்ல" என்றாய்.

எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! வருவாய். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே பேசுவாய். இலை போட்டாயிற்று என்றால் வேலை இருக்கிறது என்று ஏறிவிடுவாய். என் மகள் கல்யாணத்துக்கும் வந்து மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனாய். வழிமறித்துச் சத்தம் போட்டேன். நீ பதறவில்லை. "நீங்க கூப்புடுறீங்க. உங்க வூடு கூப்புடலியே."

உண்மைதான். என் அம்மா தட்டைக்கூட வீட்டுக்குள் விடாமல் கொல்லையில்தான் வைத்திருந்தாள். உண்மை என்பதால்தான் உன்மேல் அவ்வளவு கோபம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் என்னடா? மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது கம்பெனி கேன்டீனில் உன் மகனும் என் மகனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் இவன் இந்தத் தெரு, அவன் அந்தத் தெரு.

அதனால் மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு நானே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அடுப்பிலிருந்த கறிக்குழம்பை இறக்கினாள். உன் மகன் புத்தம் புது எவர்சில்வர் தட்டைக் கழுவிக்கொண்டு வந்தான். "ஐயா, உங்களுக்குத் தனியா."

உன் பிள்ளைதான். சோற்றையும் குழம்பையும் நம் துபாய்த் தட்டில் கொட்டி நடுவில் இழுத்துவிட்டு, "கை வைங்கடா" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானும் கை வைக்கவில்லை. இனியும் என் பங்கை முதலில் அள்ளிக்கொள்கிற ஆள் இல்லை நான். சோறு ஆறிப்போயிற்று. எழுந்து வந்துவிட்டேன்.

தட்டை அங்கேயே விட்டிருக்கிறேன். நாளைக்கும் அங்கேதான் சாப்பாடு.