அட்டென்ஷனில் எடுத்த எக்கோ

புனே, ஆகஸ்ட் 2010

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்குக் கோவிச்சிக்காதீங்கப்பா. பாப்பா இப்பதான் தூங்கினாள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நாங்க நல்லா இருக்கோம்.

அம்மா உங்க பக்கத்தில் இருந்ததால் என் மனசில் பட்டதைப் போனில் சொல்லவில்லை. கடலூர் மிலிட்டரி கேன்டீன் வரிசையில் நின்ன உங்களையும் கண்ணாயிரம் மாமாவையும் ஒரு ஆஸ்பத்திரிக்காரன் வேனில் ஏத்திப் போய் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தானாம். "அட்டென்ஷன்ல மல்லாந்து படுத்தேன், நெஞ்சுல தடவின ஜெல்லு காயறதுக்குள்ள முடிஞ்சிது, ஹார்ட் நார்மல்"னு போனில் சிரிச்சீங்க.

நான் தினமும் எக்கோ எடுக்கிறவள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்காமல் இதயத்தைச் சரியாகப் பார்க்க முடியாதுப்பா. முன்பெல்லாம் மூச்சு வாங்கும் எக்ஸ் சர்வீஸ்மேனுக்குத்தான் எக்கோ எழுதுவாங்க. இப்ப இங்கேயும் பட்டாளத்து கார்டைப் பார்த்தாலே எழுதுறாங்க, பில்லை சர்க்கார் கட்டுதுன்னு. அந்த ஜெல்லைத் தொடவே அருவருப்பா இருக்கு.

பேசும்போதே உங்களுக்கு மூச்சு வாங்கினதைக் கேட்டேன். அந்த நார்மலை நம்பி இருக்காதீங்க. சிதம்பரத்தில் இதய டாக்டரிடம் போங்க.

பாப்பாவுக்கு வசம்பு அனுப்ப அம்மாகிட்ட சொல்லுங்க. உங்க பழைய கம்பளியையும் சேர்த்து அனுப்பினால் போர்த்திப்பேன்.

டாக்டர் எந்தப் பக்கம் படுக்க வைத்தார், என்ன சொன்னார்னு சீக்கிரம் பதில் போடுங்க.

உங்கள் மகள்,
பிரீதா