ரத்து என்று சொல்லக்கூடாது

என் தம்பிக்கு,

நோய்க்குப் பயந்து நாடகங்களை நிறுத்தியதும் பேருந்தும் ரயிலும் நின்றுபோய், எங்கள் குழு அரங்கத்திலேயே அடைந்து கிடக்கிறது. மேடையில் போட்ட அட்டை வீட்டில்தான் படுக்கிறேன். அதன் வாசற்கதவைத் திறந்தால் செங்கல் சுவர். தெரிந்தும் தினமும் திறக்கிறேன்.

"ரத்துன்னு சொல்லாதீங்கம்மா, ஒத்திவச்சிருக்கோம்னு சொல்லுங்க" என்பார் மேலாளர். டிக்கெட் வாங்கியவர்களிடம் போனில் பிசிறில்லாமல் அப்படியே சொல்கிறேன்.

அம்மாவிடம் போனைக் கொடு என்றால், "தூங்குறாங்கக்கா" என்கிறாய். காலையிலும் மாலையிலும் அதே வசனம், அதே பிசிறில்லாத குரல். அம்மா என்றைக்குப் பகலில் தூங்கினாள்?

நடிகையிடமே நடிக்காதே. ஒத்திவைப்பு என்றால் ஒத்திவைப்பு என்று சொல். ரத்து என்றால்…

அடுத்த முறை போனை அவள் முகத்தருகே வை. தூங்கினாலும் பரவாயில்லை. மூச்சு கேட்டால் போதும்.

உன் அக்கா