எலி ஏறாத வண்டி

என் அன்பு லட்சுமக்கா,

நீ அடித்த தகடுகளில் ஒன்றை நான் பேர்த்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம். தெரியாமல் நடந்ததில்லை. குறடால் நாலு ஆணியையும் பிடுங்கி, தகட்டை எடுத்து, விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

இதைப் பிறரும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். நீ அண்ணனுக்கு, நான் தம்பிக்கு. நீ ஆனேக்கல் பக்கம், கோபம் வந்தால் கன்னடம். நான் கிருஷ்ணகிரிப் பக்கம், கோபம் வந்தால் மௌனம். பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்பில் களி கிண்டினோம். பெரிய சண்டை என்று ஒன்றும் வந்ததில்லை, நீ எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிடுவாய் என்பதால்.

உன் வீட்டுக்காரர், எனக்கு மாமா, பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். உலகச் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, பெங்களூரில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு ஆம்புலன்ஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். காயம்பட்டவர்களைப் படுக்கவைத்த பலகைகள் இரண்டு பக்கமும் இருந்தன. மூக்கண்டப்பள்ளித் தச்சரைக் கூப்பிட்டு அவற்றைக் கட்டிலாக்கினார். பம்ப் ஸ்டவ் வைக்க ஒரு மேடை, தண்ணீருக்கு ஒரு டிரம், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. “இனிமே குடும்பத்தோட ஊரு சுத்தலாம். எவன் சத்திரத்துலயும் போயி நிக்க வேணாம்” என்றார். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் சிவப்புச் சிலுவைக் குறி தெரிந்துகொண்டே இருந்தது. ஊரார் அதை ஆஸ்பத்திரி வண்டி என்றார்கள்.

உனக்கு ஒரே ஒரு ஊர்தான் பார்க்கவேண்டியிருந்தது, மைசூர்ப் பக்கத்துக் கண்ணம்பாடி. ஆனேக்கலிலிருந்து வந்த யாரோ சொல்லியிருந்தார்கள். “அணைக்கட்டுக்குக் கீழ தோட்டத்துல தண்ணி எகிறி எகிறி ஆடுதாம் ராஜம்மா. தண்ணிக்குள்ள பச்சையும் செவப்புமா வெளக்கு எரியுதாம். வெளக்கு எப்பிடி நனையாம இருக்குது?” என்று என்னைக் கேட்டாய். எனக்கென்ன தெரியும்? ஆடுகிற தண்ணீரை நம் காட்டுக்கு விட்டால் ராகியாவது விளையும் என்றேன். “சும்னிரு” என்று கன்னடத்தில் என் வாயை அடைத்தாய்.

முதல் பயணம் ஞாபகம் இருக்கிறதா? புளிச்சோறு கட்டிக்கொண்டு தை மாதத்தில் கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டியதும் பெடல் பக்கமிருந்து ஒரு சுண்டெலி மாமாவின் கால்சட்டைக்குள் ஏறியது. வண்டி பள்ளத்தில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை, ஊறுகாய் ஜாடிதான் போனது. மெத்தையைப் புரட்டினால் கண் திறக்காத ஆறு குட்டிகள். வயருக்குச் சுற்றியிருந்த நூலையெல்லாம் கடித்து வைத்திருந்ததால் ஹாரன் நிற்காமல் அலறியது. வீடு வந்து சேரும்வரை அலறிக்கொண்டே வந்தோம். கல்யாண ஊர்வலமா என்று வழியில் ஒருவர் கேட்டார்.

மாமா வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு உன்னிடம் சொன்னார்: “இதுல எலி ஏறாத நாளு வரட்டும் லச்சுமி. அடுத்த நாளே கண்ணம்பாடிக்கி நானே கூட்டிட்டுப் போறேன்.” அவர் சிரிப்புக்குச் சொன்னார். நீ வாக்காக எடுத்துக்கொண்டாய்.

அப்புறம் ஒரு வருஷம் நீ செய்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன். நட்ட நடுப் பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கெல்லாம் வெளிச்சம் வருகிறதோ அங்கெல்லாம் கரியால் வட்டம் போட்டாய். ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாய். விரல் நுழைந்த இடத்துக்கெல்லாம் மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி ஆணி அடித்தாய். விரல் நுழையாத இடத்துக்குக் கண்ணாடிச் சில்லும் சுண்ணாம்பும். வயர் போகும் சந்துகளில் தாரில் தோய்த்த தேங்காய் நார். தார் எங்கே கிடைத்தது? ரோடு போடுகிறவர்களிடம் ஒரு சட்டி மோர் கொடுத்து வாங்கி வந்தாய்.

சக்கரங்களைக் கழற்றவைத்து, வண்டியை நாலு கருங்கல்லின் மேல் ஏற்றச் சொன்னாய். கல்லின் தலையில் அகலமான தகரத் தட்டைக் கவிழ்த்து வைத்தாய். கல்லில் ஏறுகிற எலி தட்டில் முட்டிக் கீழே விழும். கொட்டகையை ஒட்டியிருந்த ராகித்தாள் போரை எட்டப் போடவைக்க நீ வீட்டு ஆண்களோடு போராடியதுதான் உன் வாழ்க்கையில் நீ ஜெயித்த ஒரே சண்டை. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து நீ ஆணி அடிப்பாய், நான் விளக்கைப் பிடிப்பேன். உன் கண்ணில் துரு விழும். துடைத்துக்கொண்டு அடுத்த ஆணியைக் கேட்பாய்.

கடைசியில் ஒரு கொப்பரைத் துண்டை உள்ளே வைத்துப் பூட்டினாய். பதினைந்து நாள் கழித்து மாமாவைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினாய். பல் பட்ட தடமே இல்லை. “பலே” என்றார் மாமா. தை அமாவாசை கழித்துக் கிளம்பலாம் என்று நாளும் சொன்னார். நீ அன்றைக்கே பெட்டியில் புடவை மடித்து வைத்தாய்.

அதே வாரம்தான் வீட்டுக்குள் விதைக்கென்று ஒதுக்கிய ராகி மூட்டையைப் பிரித்தோம். பாதிக்கு மேல் எலிப் புழுக்கை. மாமா வெகுநேரம் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊர்லயே எலி போவாத எடம் அது ஒண்ணுதான். மிச்சத்த அதுல வெச்சுக்கலாமா லச்சுமி? ஆடியில எடுத்துடலாம்.”

“வெச்சுக்கோங்க” என்றாய். யோசிக்கக்கூட இல்லை.

நம் விதை போனது. அப்புறம் பக்கத்து வீட்டு விதை. அப்புறம் ஊரில் பாதிப் பேருடைய ராகியும் அவரையும் கடலைக்காயும். கூரை முட்ட மூட்டை. ஆடியில் விதைக்க எடுத்தால் வண்டி காலியாகும். ஆனால் விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு என்று நமக்கு ஓய்ச்சல் இருக்காது. தையில் நமக்கு ஓய்வு வரும்போது புது விதை வந்து ஏறியிருக்கும். இப்படியே நாலு வருஷம். வண்டிச் சாவி உன் இடுப்பில் இருந்தது. விதைக்கு வந்தவர்கள் எல்லாம் லட்சுமக்கா, லட்சுமக்கா என்று உன்னைத்தான் தேடி வந்தார்கள். அதில் உனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்ததோ? நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நாலாம் வருஷ மாசியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் நினைவு தப்பியது. ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். ஆஸ்பத்திரி வண்டி கொட்டகையில்தான் நின்றது, சக்கரம் இல்லாமல், கல்லின் மேல், உள்ளே கூரை வரை மூட்டையோடு. மாட்டு வண்டியில் தாள் பரப்பி உன்னைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். வேகமாக வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாய் என்று டாக்டர் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டோம். அதைப் பற்றி வீட்டில் அதன் பிறகு யாரும் பேசவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் மாமா சாவியை என்னிடம் கொடுத்தார். மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. நானும் வாங்கி அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷம் அறுப்பு முடிந்தபோது ஓசூரிலிருந்து ஒரு ஆள் வந்தார். இப்போது மாட்டு வண்டிக்கு மரச் சக்கரம் வேண்டாம், டயர் சக்கரம் மாட்டுகிறார்கள். நம் வண்டியின் நாலு சக்கரத்தையும் கேட்டார். “சும்மாதான் கெடக்குது. பொங்கலு கழிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க” என்று மாமா சொன்னது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. சக்கரம் போய்விட்டால் அது வண்டியே இல்லை, இரும்புக் குதிர். நீ ஒரு வருஷம் மண்ணில் கிடந்தது குதிர் கட்டுவதற்கா?

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. எலி ஏறினால் மூட்டை இறங்கும். பெடலுக்குப் பக்கத்துத் தகட்டைப் பேர்த்தேன். தரையிலிருந்து வண்டிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்தேன். அஞ்சாம் நாள் உள்ளே கீச்சுச் சத்தம் கேட்டது. நீ இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பாய். அல்லது அதற்கும் சரி என்று சொல்லியிருப்பாய்.

நம் மூட்டையைத்தான் முதலில் கடிக்கும் என்று எண்ணி அதை ஓட்டைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருந்தேன். எலிக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை. நம் காட்டில் கூலிக்கு வரும் மாரம்மாவின் துணி முடிச்சைத்தான் முதலில் பிரித்தது. இரண்டு படி அவரை விதை. ஒன்றுகூட முழுசாக இல்லை. அவளுக்கு நம் விதையில் மூன்று படி அளந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

“இது வேற வெத ராஜம்மா. அது எங்கம்மா வூட்டுலருந்து கொண்டாந்தது. லச்சுமக்கா இருந்தப்போ ஒரு கொட்ட கொறஞ்சதில்ல” என்றாள்.

எலியை ஏறவிட்டது நான்தான் என்பதை அவளிடம் மறைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அவளுக்கு யாராவது படித்துச் சொன்னால் சொல்லட்டும். தப்பு என்னுடையது.

மாமா உள்ளே தவழ்ந்து போய்ப் பெடல் பக்கம் தடவிப் பார்த்தார். வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றார்.

“எலி ஆணி புடுங்குமா ராஜம்மா?”

“புடுங்காது மாமா.”

“அப்ப?”

“நான்தான் புடுங்கினேன்.”

“உனக்கென்ன பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்குதா?” என்று உன் கொழுந்தன் பாய்ந்தார். மாமா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“எதுக்கு?”

“அக்கா தகடு அடிச்சது கண்ணம்பாடி போறதுக்கு மாமா. மூட்ட அடுக்கறதுக்கில்ல.”

மாமா தரையைப் பார்த்தார். “அவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? நாலு வருசத்துல ஒரு வார்த்த கேக்கல.”

“ஒரு வருசம் பூரா மல்லாந்து கெடந்து ஆணி அடிச்சாளே, அது கேக்கறது இல்லாம வேற என்னாங்க மாமா?”

அவரிடம் நான் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. கத்துவார் என்று நினைத்தேன். வண்டி நிற்கும் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். காரியத்தின்போதுகூட மாமா அழுது நான் பார்த்ததில்லை. நான் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டேன்.

மறுநாள் மூட்டையெல்லாம் இறங்கி அவரவர் வீட்டுக்குப் போயிற்று. சக்கரத்துக்கு வந்த ஆளை மாமா திருப்பி அனுப்பிவிட்டார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிச் சக்கரம் மாட்டி, எஞ்சினையும் ஓடவைத்தாயிற்று. ஒளித்து வைத்த தகட்டை எடுத்து நானே திரும்ப அடித்தேன். உன் அளவுக்கு நேராக வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். மாரம்மாவையும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். அது அவள் நியாயம்.

அக்கா, உனக்குப் பதிலாக நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதமாட்டேன். ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி பார்க்க முடியாது. நீ கண்ணம்பாடி பார்க்கவில்லை. நான் போய்வந்த பிறகும் நீ பார்க்காதவள்தான்.

மாமாவிடம் உனக்காகப் பேசினேன். உன்னிடம் மட்டும் வேறு ஒன்று சொல்கிறேன். நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு உன் பக்கத்தில் நின்ற நானாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? முதல் மூட்டைக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

நேற்று மேலத்தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். எலி ஓட்டையை அடைத்தாயிற்றாமே, திரும்பி வந்ததும் ஒரே ஒரு மூட்டை, ஒரு மூலையில் என்றாள். முடியாது என்றேன். அவள் முறைத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான் நடந்தது அக்கா, வேறொன்றும் நடக்கவில்லை. நான் உயிரோடு இருக்கும்வரை அந்த வண்டியில் மனுஷர்தான் ஏறுவார்கள். யார் வந்து கேட்டாலும், மாமாவே வந்து கேட்டாலும், முடியாது என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஓரகத்தியாக வந்து
உனக்குத் தங்கையானவள்,
ராஜம்மா