டெஸ் விட்ட தூரம்

ஹவோட் வென் பண்ணை,
வடக்கு வேல்ஸ்.
1978 செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய டர்ன்புல் அம்மா அவர்களுக்கு,

முன்பின் பழக்கமில்லாத நான் இப்படித் திடீரென்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். என்னை உங்களுக்கு நினைவிருக்குமா என்றுகூடத் தெரியவில்லை. போன வருடம் ஏப்ரலில் நீங்கள் ஸ்காட்லாந்திலிருந்து வேனை ஓட்டிக்கொண்டு நாய்க்குட்டி வாங்க வந்தபோது, தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாகவே நின்றவள் நான். எம்ரிஸின் மகள் மெலேரி. "எங்க வம்சத்துலயே காலேஜ் படியேறுன மொத ஆளு இவதான்" என்று அப்பா சொன்னார். "அப்ப நாயோட காகிதமெல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று நீங்கள் சிரித்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. இருந்திருந்தாலும் எனக்குப் பேச வாய் வந்திருக்காது.

நீங்கள் வாங்கிப்போன மாஸ் எப்படி இருக்கிறான்? எங்கள் பக்கம் மூன்று வாரமாக மழை; வெட்டிய புல் பாதி கறுத்துப் போய்விட்டது. போன சனிக்கிழமை மட்டும் வெயில் அடித்தது. அன்றைக்குத்தான் எங்கள் பள்ளத்தாக்கில் ஆடு ஓட்டும் நாய்களுக்கான போட்டி. எழுத்து நன்றாக இருக்கும் என்று மதிப்பெண் எழுதும் வேலையை வருடா வருடம் எனக்குத் தருவார்கள். நடுவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், அவ்வளவுதான். யாருடனும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கும் பிடிக்கும்.

காலையில் ஆடுகள். மாஸின் தாய் டெஸ் ஒன்பதாவதாக ஓடினாள். நானூறு கஜத்துக்கு அப்பால் சரிவில் ஐந்து ஆடுகள் நின்றன. அப்பா ஒரே ஒரு விசில்தான் கொடுத்தார். அவள் வலது பக்கமாக அகலச் சுற்றிப் போய் ஆடுகளுக்குப் பின்னால் நின்ற விதத்தில் கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. ஆடுகளைத் துளியும் நெருக்கவில்லை. எங்கே எவ்வளவு தூரம் விட வேண்டுமோ அதற்கும் மேலேயே விட்டாள். ஆடுகளும் மிரளாமல், சந்தைக்குப் போகும் பெண்களைப் போல நடந்து வந்து பட்டிக்குள் நுழைந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. "எழுதும்மா, எழுது. இப்படி ஒரு மரியாதை தெரிஞ்ச நாயை நான் பாத்து வருஷமாச்சு" என்றார் நடுவர். கோப்பை டெஸ்ஸுக்குத்தான் என்று அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

டெஸ்ஸுக்குப் பேரும் புகழும் கிடைத்ததே அந்தத் தூரத்தால்தான். மற்ற நாய்கள் ஆட்டின் காலடியில் போய் நிற்கும். இவள் நிற்க மாட்டாள். அதைப் பார்த்துத்தான் இவளுடைய குட்டி வேண்டும் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். நீங்களும் அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தீர்கள்?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாத்துகள். காலையில் முதல் மூன்று இடம் பிடித்த நாய்கள் ஆறு வாத்துகளை ஓட்ட வேண்டும். சின்ன வாசல் ஒன்று, பலகைப் பாலம் ஒன்று, கடைசியில் ஒரு கூண்டு. பிள்ளைகள் சிரிப்பதற்கென்று வைத்ததுதான் அது. ஆனால் ஆடு ஓட்டுகிறவர்கள் வெளியே சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். ஆட்டில் ஜெயித்துவிட்டு வாத்தில் தோற்றால் அடுத்த வருடம் வரைக்கும் கேலி தாங்காது.

பாலம் வரைக்கும் டெஸ் சரியாகத்தான் போனாள். பலகை முன்னால் வாத்துகள் ஆறும் நெருக்கியடித்து அப்படியே நின்றுவிட்டன. கழுத்து நீட்டி, அசையாமல். அப்பா மெதுவாக முன்னேறச் சொல்லி விசில் அடித்தார். டெஸ் நடந்தாள். நிற்கவில்லை. நேராக நடந்து வாத்துகளின் மேலேயே ஏறினாள்.

வாத்துகள் சிதறின. டெஸ் பயந்து துள்ளிப் பின்னால் குதித்தாள், தரை எழுந்து அவளை அடித்ததைப் போல. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு வாத்து மட்டும் ஓடாமல் அவளுக்கு ஒரு முழம் முன்னால் விறைத்து நின்றது. அப்பா மறுபடி விசில் கொடுத்தார். அவள் அந்த வாத்தையும் மிதித்தாள்.

வாத்துக்காரி ப்ளாட்வென் சத்தம் போட்டாள்: "யோவ் எம்ரிஸ்! கோப்பைய வித்து உன் நாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுய்யா! என் வாத்து என்ன, வாசல்ல போட்ட கால்மிதியா?"

இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன் அம்மா. அதை உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கம்பைக் கீழே வைத்துவிட்டு, தன் வாசம் டெஸ்ஸுக்கு எட்டாதபடி, காற்று அவள் பக்கமிருந்து தன் பக்கம் வீசும் ஓர் இடம் பார்த்து நின்றார். நட்டுவைத்த கல் மாதிரி. கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. விசில் நின்றதும் டெஸ் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். தலையைத் தாழ்த்தி, காதைத் தூக்கி, அங்குமிங்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கை தூரத்தில் அவரைக் கடந்து போனாள். போய் நின்று, திரும்பி, மறுபடியும் கடந்து போனாள்.

ஆறு வருடமாக அவர் மூச்சுவிட்டால் திரும்பிப் பார்க்கும் நாய்.

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் கூடாரத் துணி காற்றில் அடிக்கும் சத்தம்தான். அப்பா விரலை அசைத்தார். உடனே அவள் பார்த்துவிட்டாள், ஓடிவந்து காலில் ஒட்டிக்கொண்டாள். ப்ளாட்வென் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளிடம் அப்பா, "நீ சொன்னது சரிதான், ப்ளாட்வென்" என்று மட்டும் சொன்னார். நேராக நானும் நடுவரும் இருந்த கூடாரத்துக்கு வந்து, இன்னும் அவர் கைக்கே வராத கோப்பையை நடுவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, டெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?

திங்கட்கிழமை கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். கண்ணின் நடுவில் பார்வை போய்விட்டது, அது பரம்பரையாக வரும் நோய், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறைக்கும் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தூரத்துல ஓடுறது தெரியும். கிட்டக்க அசையாம நிக்கிறது தெரியாது. ஆட்டை விட்டு அவ்வளவு தள்ளி நின்னா பாருங்க, அங்கதான் அவளுக்கு ஆடு தெரிஞ்சிருக்கு."

அவளுடைய மரியாதை என்று நாங்கள் கொண்டாடியது இதைத்தான். இதைத்தான் கோப்பை கொடுத்துப் பாராட்டினோம், இதற்காகத்தான் அவளிடம் குட்டி எடுத்தோம்.

இனிமேல்தான் என் தவறு. குட்டிக்கு நாய்ச் சங்கத்தின் பதிவுக் காகிதம் தர வேண்டுமானால் தாயின் கண்ணைச் சோதித்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு போட்டித் திடலுக்குக் கண் மருத்துவர் வேனில் வந்திருந்தார். எங்கள் முறை வந்த நேரமும் டெஸ் ஓட வேண்டிய நேரமும் ஒன்றாகிவிட்டன. அப்பா டெஸ்ஸின் தங்கை ஃபேனின் கயிற்றை என் கையில் கொடுத்தார். "இவள கொண்டு போ. ஒரே வயித்துல, ஒரே நாள்ல பொறந்ததுங்க. அக்கா கண்ணு வேற, தங்கச்சி கண்ணு வேறயா?" என்றார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. எங்கள் மலையில் ஒரு மந்தையில் ஓர் ஆட்டின் பல்லைப் பார்த்துவிட்டு மொத்த மந்தைக்கும் விலை பேசுவார்கள். அதே கணக்குதான் அவருக்கு.

ஆனால் அது பொய்க் காகிதம் என்று எனக்குத் தெரியும். படிவத்தில் அச்சிட்டிருந்த நாய்ப் படத்தில் டெஸ்ஸின் நிறங்களைத் தீட்டியது நான். டெஸ்ஸுக்குப் பின்னங்கால் இரண்டும் கறுப்பு. ஃபேனுக்கு ஒன்று வெள்ளை. மருத்துவர் கண்ணை மட்டும்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. "அருமையான கண்ணு. இது டெஸ்தானே?" என்று கேட்டார். பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். நான் தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். மூன்று வருடம் கல்லூரியில் ஒரு நாளும் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டவளில்லை. அன்றைக்கும் அப்படித்தான் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். உங்களிடம் இருக்கும் காகிதத்தில் உள்ள கண் ஃபேனுடையது.

போன சனிக்கிழமை போட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும், அது பொய்க் காகிதம் என்று அப்போதே எனக்குத் தெரியும் என்பதை அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நான் படிக்காதவன். நீயாவது சொல்லியிருக்கலாமே, கண்ணு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உடனே குட்டி வாங்கியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். உண்மையைச் சொல்வதற்கு இனி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று ஒரு வேகம். முதலில் ஓடையின் மறுகரையில் இருக்கும் இட்வால் மாமா வீடு. மாஸுடன் பிறந்த காப் அவரிடம் இருந்தான். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரிம்மா. சொன்னியே, அது போதும்" என்றார். ஓடைப் பாலத்தை நான் தாண்டியபோது வெடிச் சத்தம் கேட்டது. காக்கை விரட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலை அவரே வந்தார். "என் மலையில பாதி இடம் பாறை விளிம்பு. கண்ணு தெரியாத நாயை அங்க விட்டா ஆட்டையும் தள்ளி, தானும் விழும். கட்டிப்போட்டு வச்சாலும் அதுக்கு அது சாவுதான். நான் செஞ்சது சரிதானே எம்ரிஸ்? சரின்னு சொல்லுய்யா" என்றார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவருடன் போனார். இரண்டு பேரும் சேர்ந்து காப்புக்குக் குழி தோண்டினார்கள் என்று மாமாவின் மனைவி சொன்னார்.

அதற்கு மறுநாள்தான் மருத்துவர் வந்தார். அப்போதுதான் தெரிந்தது: குட்டிகள் எல்லாவற்றுக்கும் இந்த நோய் வராது, சிலவற்றுக்குத்தான் வரும், கருவி வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அன்று மாலைக்குள் பக்கத்து ஊர்களில் இருந்த மூன்று குட்டிகளைப் பார்த்தார். இரண்டுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஒன்றுக்கு நோய் தொடங்கிவிட்டது. காப்புக்கு எப்படி இருந்திருக்கும் என்று இட்வால் மாமா கேட்டார். மருத்துவர் தன் பெட்டியை மூடித் திறந்து, மறுபடி மூடினார்.

அப்பா துப்பாக்கி அலமாரியின் சாவியை என்னிடம் தந்துவிட்டார். "டெஸ் விஷயத்துல எனக்கு எப்ப புத்தி எப்படிப் போகும்னு தெரியல, நீயே வச்சுக்க" என்றார். டெஸ் இப்போது அடுப்பங்கரையில் படுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் நாய் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை. என் அம்மா, அவள் முட்டிக்கொள்ளாமல் இருக்க, நாற்காலிகளை மட்டும் இடம் மாற்றாமல் பார்த்துக்கொள்கிறார்.

இனிச் சொல்ல வேண்டியது உங்களிடம் மட்டும்தான். நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். புத்தாண்டு அட்டையில் நீங்கள் மாஸைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "அம்மாவைப் போலவே, ஆடுகளுக்கு எவ்வளவு இடம் விடுகிறான் தெரியுமா!" அன்றைக்கு அப்பா அதை எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொன்னார். இப்போது அந்த வரியைப் படிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. பழகிய வித்தையாகவும் இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

காகிதம் பொய் என்பதைச் சங்கத்துக்கும் எழுதிவிட்டேன். என் பெயரைப் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் மேல் எந்தக் குற்றமும் வராது. உங்களுக்கு வேலைக்கு ஒரு நாய் வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். ஃபேனை அனுப்புகிறேன் என்று சொல்லச் சொன்னார். அவள் விசிலுக்கெல்லாம் பழகியவள். அவளுடைய கண்ணைத்தான் இரண்டு வருடத்துக்கு முன்பே பார்த்தாகிவிட்டதே.

இதுவரைக்கும் எழுதியது நான் எழுதியே ஆக வேண்டியது. இனி எழுதுவதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. வேலைக்கு உதவாத நாயை வைத்துக்கொள்வது எங்கள் மலையில் வழக்கம் இல்லை. உங்கள் மலையிலும் இருக்காது. நீங்கள் நல்லவர், அதனால்தான் தாமதிக்க மாட்டீர்கள் என்று பயப்படுகிறேன். இட்வால் மாமாவும் நல்லவர்தான்.

அம்மா, தயவுசெய்து இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உடனே எதுவும் செய்துவிடாதீர்கள். மருத்துவர் ஒருவர் அவன் கண்ணைப் பார்க்கும் வரைக்கும் துப்பாக்கியைத் தொடாதீர்கள். பார்த்தபின், அவனுக்கும் தெரியவில்லை என்றால், அப்போதும் தொடாதீர்கள். எந்த ரயில் நிலையம் என்று ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து மாஸைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மெலேரி